உறைக்காத உப்பு

அன்று மதியம் பரிசோதனை அறையில் இருந்தவர்கள் இருவர்: லென்ஸ் கண்ணாடிக்கான பொடிகளைச் சோதிக்கும் தம்பி, அதே கண்ணாடி ஆலையில் உலை பார்க்கும் அவனுடைய அக்கா வீட்டுக்காரர். மேலாளர் சாப்பிடப் போயிருந்தார்.

தம்பி கை கழுவிவிட்டு வந்தபோது மாமா இரண்டாவது முட்டையை விழுங்கிக்கொண்டிருந்தார்.

"உன் உப்பைக் கொஞ்சம் எடுத்துக்கிட்டேன் மாப்ள."

தராசுக்குப் பக்கத்தில் ஒரே மாதிரி இரண்டு குப்பிகள். ஒன்றில் அவன் சாப்பாட்டுக்கு வைத்திருந்த உப்பு. மற்றதில் தாலியம், கண்ணாடியில் கலப்பது, ஆளைக் கொல்ல ஒரு சிட்டிகை போதும். இரண்டிலும் சீட்டு இல்லை. சாப்பாட்டு உப்பை ஆய்வகக் குப்பியில் போட்டு வைத்த மகா புத்திசாலி அவன்தான்.

"எதுல எடுத்தீங்க?"

"இதுலதான். ஏன், அளந்து வச்சிருக்கியா?"

அவன் மாமா காட்டிய குப்பியைத் தன் பக்கம் இழுத்தான். எரிவாயு அடுப்பைப் பற்றவைத்தான். பிளாட்டினக் கம்பி வளைந்திருந்தது. விரலால் நீவி நிமிர்த்தி, பொடியைத் தொட்டு, தழலில் நீட்டினான்.

எலக்ட்ரான் அணுவுக்குள் கண்ட இடத்தில் நிற்காது. அதற்கென்று மட்டங்கள் உண்டு. இரண்டுக்கும் நடுவே நிற்க இடமே கிடையாது. சூடு பட்டால் மேலே ஏறும், இறங்கும்போது அந்த இடைவெளிக்குரிய ஒளியை மட்டும் விடும். உப்பிலுள்ள சோடியத்தின் மூன்றாம் மட்டத்து ஒற்றை எலக்ட்ரான் ஏறி இறங்கினால் மஞ்சள். தாலியத்தின் ஏழாம் மட்டத்துக்கு ஏறிய எலக்ட்ரான் ஆறாம் மட்டத்துக்கு இறங்கினால் பச்சை. கெஞ்சினாலும் மாறாது.

தழல் மஞ்சளாக எழுந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"ஒண்ணுமில்ல மாமா. உப்புதான்."

"அதுக்கா பேயறைஞ்ச மாதிரி நின்னே? ஆனா உன் உப்புல சத்தே இல்லப்பா. உறைக்கலையேன்னு ரெண்டு தடவை தொட்டுக்கிட்டேன்."

தம்பி தன் விரல்களைப் பார்த்தான். நுனியெல்லாம் வியர்வை. வியர்வை என்றால் சோடியம். துளி பட்டாலும் மற்ற நிறத்தை அமுக்கிவிடும். கம்பியை நிமிர்த்தியது அந்த விரல்கள்தான்.

கம்பியை இடுக்கியால் பிடித்து அமிலத்தில் முக்கினான், காய்ச்சினான், மறுபடி முக்கினான், நிறமே வராமல் போகும்வரை. பிறகு பொடியைத் தொட்டான்.

பச்சை. சுத்தமான, இளந்தளிர்ப் பச்சை.

"அட, அழகா இருக்கே" என்றார் மாமா.

"எழுந்திருங்க."

"வேலை கிடக்குடா."

"மாமா, நீங்க தின்னது விஷம். எழுந்திருங்க."

ஆலை வண்டியில் மாமாவை ஏற்றிக்கொண்டு போனான். மருத்துவமனையில் தம்பி தாலியம் என்று மூன்று முறை சொன்னான். மாமா எவ்வளவு தின்றார் என்று மருத்துவர் கேட்டார், தம்பிக்குத் தெரியவில்லை. முறிக்க மருந்து இருக்கிறது, வந்து சேர நேரமாகும், பிழைப்பாரா என்பது சில நாள் போனால்தான் தெரியும் என்றார் மருத்துவர்.

"உங்க அக்காகிட்ட நீயே சொல்லிடு" என்றார் மாமா, தள்ளுகட்டிலில் படுத்தபடி. "எனக்கு அவகிட்ட பயம்."

தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. செவிலி கட்டிலை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். கதவு சாத்திக்கொண்டது, உள்பக்கம் பூட்டும் சத்தம் கேட்டது.