மலைக்கு விட்ட இடம்

கேட்டுச் சொல்லு என்று கடைசி எழுத்தை இழுத்து அனுப்பிவிட்டு அவள் காத்திருக்கிறாள், கண் மூடியபடி, வாய் பாதி திறந்தபடி, எதிரே கறுப்பு மைக், நாலு சுவரிலும் மேடும் பள்ளமுமாகப் பஞ்சு ஒட்டிய அறை, போன குரல் போனதுதான், வரவில்லை, இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று நிற்கிறாள் தங்காயி, அக்கா, அடுத்த வரி மறந்துபோச்சா, என்று காதில் மாட்டிய கருவிக்குள் கேட்கிறான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஒலிப்பதிவுக்காரன் லோகநாதன், மறக்கல தம்பி, பாறை இன்னும் பேசல, என்று சொல்லிவிட்டுத்தான் தான் இருப்பது சேலத்தில் ஒரு மாடி அறை என்பது அவளுக்கு உறைக்கிறது, நாக்கைக் கடித்துக்கொள்கிறாள், அவன் சிரிக்கிறான், நல்ல பையன்தான், மலைப்பாட்டுகளைத் தேடித் தேடிப் பதிவு செய்கிறவன், பாறையெல்லாம் இங்க வராதுக்கா, நீங்க பாடிக்கிட்டே போங்க, என்கிறான்.

பாடிக்கிட்டே போங்க என்றால் எங்கே போவது, மலை ஊரில் சாமைக் கொல்லையில் குனிந்து களை பிடுங்கிக்கொண்டே அம்மா ஒரு வரியை விடுவாள், மேலக் கொல்லையில மேகம் மேயுது, யாரு மாடுன்னு கேட்டுச் சொல்லு, பள்ளத்தைத் தாண்டி எதிரே நெடுக நிற்கும் பாறையில் அது போய் மோதி, சொல்லு, சொல்லு என்று திரும்பி வரும், வந்து அடங்கினால்தான் அடுத்த வரி, அதற்குள் தங்காயி அவசரப்பட்டு வாயைத் திறந்தால் சுள்ளென்று முதுகில் ஒன்று விழும், மலை பேசும்போது குறுக்க பேசுவியா, ஒனக்கு என்னா மரியாதை தெரியும், என்பாள் அம்மா, அவர்கள் ஊரில் எல்லாமே அப்படித்தான், ஒரு வரியும் வாயை மூடிக்கொண்டு முடியாது, மூடிய எழுத்தைப் பாறை வாங்காது, ஆவன்னாவிலோ ஊவன்னாவிலோ ஓவன்னாவிலோ வாயைத் திறந்தோ குவித்தோ விட்டால்தான் முழுசாக வாங்கித் திருப்பித் தரும், யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்ததில்லை, அந்தப் பாறைக்குப் பிடித்த பாட்டுகள் தங்கின, பிடிக்காதவை போய்விட்டன, சண்டைக்கும் அதே சட்டம், இந்தச் சரிவில் இருப்பவள் ஒரு வசவை எறிந்தால் பாறை அதை நிதானமாக ஒரு தடவை சொல்லிக் காட்டும், தான் திட்டியது தன் காதிலேயே விழும், அதற்குப் பிறகுதான் அந்தச் சரிவுக்காரி பதில் வசவை எடுப்பாள், இப்படி ஒரு சண்டை பொழுதுக்கும் நடந்து பாதியிலேயே சப்பென்று போய்விடும், அடிதடி வரை போன சண்டை அந்த ஊரில் அவளுக்குத் தெரிந்து கிடையாது.

கீழ்நாட்டில் இருந்து பெண் பார்க்க வந்தார்களே, அதைச் சொன்னால் இன்றைக்கும் சிரிப்பு வரும், மாப்பிள்ளை பெரியண்ணனின் அப்பா இளவட்டமாக இருந்தபோதே மலையிறங்கிப் போய் ராசிபுரத்தில் குடியேறிவிட்டவர், அதனால் பாறையின் பேச்சு அந்த வீட்டில் மறந்தே போயிருந்தது, மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கா தாயி, என்று அவர் கேட்டார், தங்காயி வழக்கம்போலக் கேள்வி போய் அடங்கட்டும் என்று காத்தாள், வீட்டுக்குள்ளே என்ன எதிரொலி, பழக்கம், அவ்வளவுதான், அதற்குள் மாமனாருக்கு முகம் சுண்டிவிட்டது, புள்ளைக்கு இஷ்டமில்ல போலிருக்கு, வாங்க போலாம், என்று துண்டை உதறித் தோளில் போட்டவர் வாசல் தாண்டிய பிறகுதான், பிடிச்சிருக்கு, என்றாள், பெரியண்ணன் இருபத்திரண்டு வருஷமாக அதைச் சொல்லிச் சொல்லியே மானத்தை வாங்குகிறான், இவகிட்ட ஒண்ணு கேட்டுட்டு டீ குடிச்சிட்டு வந்தா பதில் ரெடியா இருக்கும், என்று லாரிப் பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான், கெட்ட எண்ணமில்லை, ஆனால் பக்கத்து வீட்டுப் பெண்கள் அவளை மந்தம் என்று முடிவு கட்டினார்கள், ஊர் போனால் அங்கே வேறு கதை, வந்துட்டாய்யா கீழநாட்டுக்காரி, யாராச்சும் ஃபேன் போடுங்கடி, என்று அண்ணி வீராயி வாசலிலேயே வைத்து வாருவாள், இங்கே மலைக்காரி, அங்கே கீழ்நாட்டுக்காரி, தான் எந்த ஊர்க்காரி என்று தங்காயிக்கே சில நாள் சந்தேகம் வரும், அந்தக் கேள்வி உள்ளே முள்ளாகக் கிடந்தது.

இப்போது கண்ணாடி அறைக்குள் லோகநாதன் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து அவள் பாடியதைப் போட்டுக் காட்டுகிறான், இடைவெளிகளை எல்லாம் வெட்டி வரிக்கு வரி ஒட்டியிருக்கிறான், சுத்தமான வேலை, ஒட்டு தெரியவில்லை, கேட்கக் கேட்க அவளுக்கு மூச்சு முட்டுகிறது, போலீசு துரத்துற மாதிரி எதுக்கு தம்பி இவ்ளோ ஓட்டம், என்கிறாள், சும்மா கிடந்த எடத்தத்தான் எடுத்தேன், ஒரு வார்த்த போகல, என்கிறான் அவன், அது சும்மா கிடந்த எடமா, மலைக்கு விட்ட எடம், அத எடுத்தா அது எங்க பாட்டே இல்ல, என்கிறாள், அவன் பொறுமையாகத்தான் சொல்கிறான், அக்கா, ஃபோன்ல கேக்கற காலம், இவ்ளோ நேரம் சத்தமில்லாம இருந்தா அடுத்த பாட்டுக்குத் தள்ளிட்டுப் போயிடுவாங்க, ஒங்க குரலு நாலு பேருக்குப் போய்ச் சேர வேணாமா, போய்ச் சேரணும் என்றுதான் அவளுக்கும் ஆசை, ஆசை இல்லாமலா பஸ் ஏறி வந்தாள், சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும், ஆனால் அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டுகிறாள், அப்ப வேணாம் தம்பி, வேற ஆளப் பாருங்க, என்கிறாள், லோகநாதன் தலையைச் சொறிகிறான், உட்காருங்கக்கா, ஒங்க இஷ்டப்படியே பாடுங்க, யாரும் கேக்கலன்னா என்னத் திட்டக் கூடாது, என்கிறான்.

மறுபடி அந்தப் பஞ்சு அறை, வரியை விடுகிறாள், பாறை இல்லை, எவ்வளவு நேரம் நிற்பது, கடிகாரம் பார்த்து நின்றதில்லையே, இத்தனை வருஷத்தில் உடம்பு அதை மறந்திருந்தால் என்ற பயத்தோடு, அம்மாவின் கை முதுகில் விழாத அளவுக்கு நின்று, அடுத்த வரியை எடுக்கிறாள், மேச்சவன் எங்கோ போயிட்டான், மறிக்க ஆளில்ல ஓடி வா, மறுபடி நிற்கிறாள், பாடி முடித்தபோது ரவிக்கை வியர்வையில் நனைந்திருந்தது.

பாட்டு ஃபோனில் வெளிவந்தது, லோகநாதன் சொன்னதுதான் நடந்தது, யாரும் கேட்கவில்லை, பட்டறையில் போட்டுக் காட்டியபோது வரிக்கு நடுவே ஃபோன் கெட்டுவிட்டதென்று ஒருவன் அதை உள்ளங்கையில் தட்டினான், பெரியண்ணன் மட்டும், இரு இரு, எம் பொண்டாட்டி டீ குடிக்கப் போயிருக்கா, வருவா, என்றான், எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், ஆடி நோன்புக்கு மலையேறினார்கள், கோயில் மேட்டில் ஒலிபெருக்கி கட்டியிருந்தது, கீழே இருந்து வந்த ரேடியோ செட்டுக்காரர் வாய்க்கு வந்த சினிமாப் பாட்டை எல்லாம் போட்டுக்கொண்டிருந்தார், ஊரோ பொங்கல் பானையும் பிள்ளைகளுமாக ஒரே கூச்சல், பெரியண்ணன் யாரையும் கேட்காமல் போய் அந்தப் பாட்டு இருந்த ஃபோனை அவர் கையில் கொடுத்துவிட்டான், தங்காயி ஓடிப்போய் நிறுத்தச் சொல்லலாமா என்று பார்த்தாள், அதற்குள் அவள் குரல் கிளம்பிவிட்டது, மேலக் கொல்லையில மேகம் மேயுது என்று பள்ளம் முழுக்கப் பரவியது, வரி முடிந்தது, நின்றது, செட்டுக்காரர் ஒயர் கழன்றுவிட்டதென்று பதறிப் பெட்டியை நோக்கி எழுந்தார், கைய எடுப்பா, மலை பேசுது, என்றாள் அண்ணி வீராயி, அவர் மணிக்கட்டைப் பிடித்தேவிட்டாள், ஊர் மொத்தமும் வாயை மூடிக்கொண்டது, யாரும் யாருக்கும் சொல்லவில்லை, பிள்ளைகள்கூட ஓட்டத்தை நிறுத்திவிட்டு எதிர்ப்பாறையைப் பார்த்தன, சொல்லு, சொல்லு என்று பாறை அவள் குரலை அவளுக்கே திருப்பிச் சொன்னது, சொல்லி அடங்கியது, தங்காயி சேலை முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், இப்போது, இப்போது, என்று நெஞ்சு அடித்தது, பாறை விட்ட அந்த நொடியில், ஒரு மூச்சு முன்னுமில்லை பின்னுமில்லை, அடுத்த வரி எழுந்தது, அண்ணி திரும்பிப் பார்த்தாள், அடியே, எங்கடி நின்னு பாடுன இத, நம்ம கொல்லையிலயா, என்றாள்.

தங்காயிக்குப் பெருமை தாங்கவில்லை, அழுகை வேறு வந்தது, பாறை இரண்டாம் வரியைச் சொல்லிக்கொண்டிருந்ததால் அவள் பதில் சொல்லாமல் நின்றாள், அண்ணியும் காத்திருந்தாள்.