எம்.பி.க்கு வாங்கிய பொன்னாடை

லண்டனில் எங்கள் பகுதி எம்.பி. தேர்தலுக்கு ஆதரவு கேட்டுத் தமிழர் மண்டபத்துக்கு வந்திருந்தார். வழக்கம்போல ஒரு பொன்னாடை. போர்த்தப்போவது என் அம்மா சிவனேஸ்வரி. வெட்கக்கேடு! மைக் கைக்கு வந்ததும் நான் ஆங்கிலத்தில் வெடித்தேன்.

“2013இல் ஒருபாலினத் திருமணத்துக்கு எதிராக ஏன் வாக்களித்தீர்கள்? அந்தச் சட்டம் தோற்றிருந்தால் நானும் வான்மதியும் இன்று தம்பதியர் இல்லை.”

பக்கத்திலிருந்த வான்மதி என் கையை இறுக்கிப் பிடித்தாள். அம்மா எங்கள் கல்யாணத்துக்கு வரவில்லை. அவளோடு இதுவரை ஒரு சொல் பேசியதுமில்லை.

எம்.பி. புன்னகைத்தார். “உங்கள் தமிழ்ப் பெற்றோரின் மனதை மதித்துத்தான்.”

மேடையிலிருந்த அம்மா விறுக்கென்று எழுந்தார். “என்னை ஆர் கேட்டது? மகளோட நான் சண்டை பிடிப்பன், அது எங்கட வீட்டு விசயம். என்ர பேரைச் சொல்லி அவளின்ர உரிமையை மறிக்க நீர் ஆர்?”

மண்டபம் அதிரக் கைதட்டல். தமிழ் தெரியாத எம்.பி., தன்னைப் பாராட்டுகிறார் என்று நினைத்துப் பொன்னாடைக்காகத் தலையைக் குனிந்தார். அம்மா அவரைக் கடந்து மேடையை விட்டு இறங்கி வந்து, அதை வான்மதியின் தோளில் போர்த்தினார்.

“ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் வீட்டுக்கு வாங்கோ.”

மேடையில் எம்.பி. இன்னும் குனிந்தபடியே நின்றார்.