இரண்டாவது ஆணி

ஒரு காலத்தில் எங்கள் மாகாணத்துக்கு அங்காரா நாடாளுமன்றத்தில் மூன்று இருக்கைகள் இருந்தன. என் மாமனாரின் அப்பா அதில் ஒன்றில் உட்கார்ந்தவர். ஆட்டுத்தோல் தொப்பியும் முறைப்புமாக இன்றைக்கும் எங்கள் விருந்தறைச் சுவரில் தொங்குகிறார். பிறகு ஊர் ஜனம் பிழைப்புக்காக இஸ்தான்புல் போகப் போக, மூன்று இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று. ஆள் குறைந்தால் இருக்கை குறையும், அதுதான் சட்டம். மிஞ்சிய ஒன்றில் என் கொழுந்தன் நிஹாத் உட்கார்ந்திருந்தான்.

நியாயப்படி என் கணவர் ஜெவ்தெத்தான் மூத்தவர். ஆனால் எங்கள் பக்கத்துப் பெரிய குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மகனை இந்தக் கட்சியில் சேர்ப்பார்கள், இன்னொருவனை அந்தக் கட்சியில். எவன் தோற்றாலும் வீட்டில் ஒரு எம்.பி. இருப்பான். மாமனார் மூத்தவரைத் தோற்கிற கட்சிக்கும் இளையவனை ஜெயிக்கிற கட்சிக்கும் அனுப்பிவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடினார். தேர்தலுக்குத் தேர்தல் என் கணவர் இரண்டாவதாக வருவார். வந்து தம்பியைக் கட்டிப்பிடித்து வாழ்த்துவார். அவருக்கு வராத எரிச்சலெல்லாம் சேர்ந்து எனக்கு வந்தது.

அதே விருந்தறைச் சுவரில் தொங்கும் நிஹாத் படத்துக்குப் பக்கத்தில் மாமனார் இன்னொரு ஆணியும் அடித்து வைத்திருந்தார், மூத்தவர் படத்துக்காக. அது வெறும் ஆணியாகவே துருப்பிடித்துக்கொண்டிருந்தது. தினமும் அதைத் துடைப்பவள் நான்.

நிஹாத்தின் மனைவி பெரிஹான் என் ஓரகத்தி. பெருநாளுக்குப் பெருநாள் அங்காராவிலிருந்து வந்து இறங்குவாள். இறங்கும்போதே புலம்பலும் இறங்கும்.

"வீடா அது அக்கா, சத்திரம்! ஒருத்தனுக்கு ஆஸ்பத்திரில கட்டில் வேணும், ஒருத்தனுக்கு மகனுக்கு வேலை வேணும். ஊரே எங்க கூடத்துலதான் படுத்துக் கெடக்கு. உங்களுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்ல, கொடுத்து வெச்சவங்க."

கவலை இல்லையாம்! அந்தக் கவலை எனக்கு வரக்கூடாதா என்றுதான் நான் ஏங்கிக்கொண்டிருந்தேன்.

"இந்தக் கோட்டு எப்படி இருக்கு அக்கா? மந்திரி வீட்டம்மாதான் கடை காட்டுனாங்க." கழுத்தைச் சுற்றி நரித்தோல் வைத்த கோட்டு.

"நல்லாருக்கு பெரிஹான். உனக்குப் பொருத்தமாத்தான் இருக்கு" என்றேன், முகத்தைத் திருப்பாமல், அடுப்பைப் பார்த்தபடி. என் வயிறு எரிந்த எரிச்சலுக்கு, விறகே இல்லாமல் அந்தப் பானை கொதித்திருக்கும்.

அந்த வருஷம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. கணக்கெடுப்பு ஞாயிறன்று நாடே கதவடைக்கும். யாரும் தெருவில் கால் வைக்கக் கூடாது. எவன் எந்த வீட்டில் இருக்கிறானோ அந்த ஊர்க் கணக்கில் சேர்வான். அதனால் ஊருக்கு ஊர் பஸ் வைத்து, வெளியூர் போன தன் ஆட்களை இழுத்து வருவார்கள். தப்புத்தான். ஆனால் செய்யாத ஊர் ஏமாந்த ஊர். தலைகள் கூடினால் எங்களுக்கு இன்னொரு இருக்கை கிடைக்கும். அது இரண்டாவதாக வரும் கட்சிக்குப் போகும். அதாவது ஜெவ்தெத்துக்கு.

"நடக்கற கதையா முர்வெத்? ரொட்டி சுடறவன் அடுப்பை அணைச்சுட்டு இவ்வளவு தூரம் வருவானா?" என்றார் அவர்.

"நீங்க வீட்டப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு நான் இஸ்தான்புல்லுக்குப் பஸ் ஏறினேன்.

எங்கள் ஊர்க்காரர்களில் பாதிப் பேர் அங்கே ரொட்டிக்கடை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினேன். முதல் கடைக்காரன் மாவுக் கையோடு தலையைச் சொறிந்தான்.

"ஒரு நாள் சாத்துனாலும் வாடிக்கை போயிடும் அண்ணி."

"உங்கம்மாவை எங்கடா பொதைச்ச?"

"ஊர்லதான்."

"உன்னை எங்க பொதைக்கச் சொல்லி வெச்சிருக்க?"

"அதுவும்... ஊர்லதான்."

"செத்தா மட்டும் ஊர்க்காரனா? உசிரோட இருக்கறப்ப ஒரு ஞாயித்துக்கிழமை வந்து இருந்துட்டுப் போடா!"

அவன் வந்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். பஸ் பஸ்ஸாக, பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்தார்கள். ஊரில் ஒரு வீடு பாக்கியில்லாமல் ஆட்கள் நிறைந்தார்கள். எங்கள் வீட்டில் மெத்தை போட இடமில்லை, அண்டா அண்டாவாகத் தயிர்க் கஞ்சி காய்ச்சினேன். தொகுதியில் இருந்தாக வேண்டுமென்று நிஹாத்தும் வந்துவிட்டதால், நரித்தோல் கோட்டோடு பெரிஹானும் ரொட்டிக்காரர்கள் நடுவே அடைபட்டாள். கதவு திறக்காத அந்த ஒரு நாளை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

எண்ண வந்தவர் பள்ளி வாத்தியார். பெரிஹானிடம் தொழில் கேட்டார்.

"எம்.பி. மனைவி" என்றாள்.

"அது தொழில் இல்லீங்களே. வீட்டு வேலைன்னு போட்டுக்கறேன்."

எனக்குச் சிரிப்பை அடக்க முக்காட்டின் நுனியைக் கடிக்க வேண்டியதாயிற்று. அடுத்து என்னைக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு ரொட்டிக்காரன் கத்தினான்.

"அண்ணிக்கு ஆள் பிடிக்கற தொழில்னு போடுங்க சார்!"

வீடே கொல்லென்று சிரித்தது. நிஹாத் கூடச் சிரித்தான். ஜெவ்தெத் மட்டும் டீக் கோப்பையைக் கிண்டிக்கொண்டே இருந்தார். அதில் சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டிருந்தது. எனக்கோ அன்றைக்குப் பெரிஹான் முகத்தைப் பார்த்து ரசிக்கவே நேரம் போதவில்லை.

குளிர்காலத்தில் செய்தி வந்தது: மாகாணத்துக்கு மறுபடியும் இரண்டு இருக்கைகள். பனியிலும் போய் ஜெவ்தெத் புது சூட்டுக்கு அளவு கொடுத்தார். படம் எடுத்துக்கொண்டார். அதற்குச் சட்டமும் போட்டு அலமாரியில் வைத்தேன். ஆணியைத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன்.

தேர்தலுக்கு முன் அவர் கட்சியின் அங்காரா ஆள் ரிஃப்கி வீட்டுக்கு வந்தார். கட்சிக்கு ஒரு இருக்கைதான் கிடைக்கும்; அதனால் கட்சி கொடுக்கும் பட்டியலில் முதல் பெயர்தான் ஜெயிக்கும், இரண்டாவது பெயர் ஒப்புக்கு. டீயை உறிஞ்சிவிட்டுத் தொண்டையைக் கனைத்தார்.

"முதல் இடத்துக்கு எல்லாரும் ஒரே பேரைத்தான் சொல்றாங்க."

ஜெவ்தெத் புது சூட்டின் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"முர்வெத் அம்மா."

நான் தட்டைக் கீழே வைத்தேன்.

"ரொட்டிக்காரங்க கண்டிப்பா சொல்லிட்டாங்க. அண்ணி நின்னாத்தான் இங்க இருக்கற அவங்க சொந்தபந்தம் ஓட்டுப் போடுமாம். ஜெவ்தெத் அண்ணன் ரெண்டாவது. அவருக்கென்ன, பழக்கம்தானே!" என்று சிரித்தார் ரிஃப்கி. கூடச் சிரிக்க ஆளில்லை.

'வேண்டாம், அவர் பேரையே போடுங்க.' தொண்டை வரை வந்தது. கூடவே அங்காராவும் வந்தது. கூடம் நிறைய ஊர்க்காரர்கள், ஆஸ்பத்திரிக் கட்டில், மகனுக்கு வேலை, எல்லாரும் என்னைத் தேடி. பெரிஹானுக்கு அவள் புருஷனால் கிடைத்தது எனக்கு என்னாலேயே கிடைக்கப்போகிறது. வந்த வார்த்தையை விழுங்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

ரிஃப்கி போன பிறகு ஜெவ்தெத் எழுந்து சுவரருகே போனார். அந்த ஆணியை விரலால் அசைத்துப் பார்த்தார்.

"நல்லாருக்கு முர்வெத். உனக்குப் பொருத்தமாத்தான் இருக்கு" என்றார், சுவரைப் பார்த்தபடி.

என் பக்கம் திரும்பவில்லை.