மண்ணெண்ணெய் நாறிய கைப்பிடி

தர்மாவி வீட்டுச் சாக்கை அவிழ்த்ததும் ரோச்சுங்கி தலையைப் பின்னுக்கு இழுத்தாள். குப்பென்று மண்ணெண்ணெய் நாற்றம். அரிசிக்குள் கறுப்பு வண்டுகள் குடும்பம் குடும்பமாக ஊர்ந்துகொண்டிருந்தன. ஏழு மாதமாகச் சனிக்கிழமைதோறும் இதே கண்றாவிதான்.

"எட்டு கிலோ இருக்கும், நிறுத்துப் பாத்துக்கோ" என்றாள் தர்மாவி. சபை மூப்பரின் மனைவி. செவ்வாய்க்கிழமை பெண்கள் கூட்டத்தில் பேசப்போவதைச் சோபாவில் சாய்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். தலைப்பு 'கனிதரும் வாழ்க்கை'. "இந்த வாரமும் சபைப் பலகையில நம்ம பேருதானே மேல?"

"ஆமாக்கா" என்றாள் ரோச்சுங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

மிசோரத்தின் ஐஸ்வாலில் உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசி சபைக்கென்று தனி டப்பாவில் விழுந்தாக வேண்டும். காலைச் சாப்பாட்டுக்கு ஒன்று, மாலைச் சாப்பாட்டுக்கு ஒன்று. சேர்ந்த அரிசியைச் சபை ஏழை வீடுகளுக்கு மலிவாக விற்று, வரும் பணத்தில் ஊழியக்காரர்களை அனுப்பும். ஒரு வீட்டில் வாரத்துக்கு ஒரு கிலோ தேறினாலே பெரிய விஷயம். எட்டு கிலோ அள்ள தர்மாவிக்கு இருப்பது கையா, முறமா? அவள் கணவரின் கடையில், மண்ணெண்ணெய்ப் பீப்பாய் ஓரம் விலைபோகாமல் கிடந்த மூட்டைகள் அவை. மாட்டுக்கு வைத்தால் மாடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

ரோச்சுங்கிக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் வீடு வீடாக அவள் அரிசி சேர்க்கும் மூன்றாம் பிரிவுக்கு, அதிகம் சேர்த்ததற்காகச் சபை தரும் கேடயம் இந்த வருடம் கிடைக்கும் போலிருந்தது. பதினோரு வருடமாக இரண்டாம் இடத்தில் தேங்கிக் கிடந்த பிரிவு. எட்டு கிலோவைத் தள்ளினால் கேடயமும் போய்விடும். அதனால் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சலித்து, மற்றவர்கள் அரிசியோடு கலந்து அனுப்பிக்கொண்டிருந்தாள். கலந்தால் நாற்றம் தெரியாதாம். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

அடுத்தது கீழே சியாம்லியானி வீடு. புருஷனை இழந்தவள், இரண்டு பெண்களோடு தறி நெய்து பிழைப்பவள். டப்பாவை இரண்டு கையாலும் நீட்டினாள். உள்ளே அரிசி பளிச்சென்று இருந்தது. ஒரு கல் இல்லை, ஒரு உமி இல்லை.

"என்ன சியாமி, ஒவ்வொண்ணா பொறுக்கினியா?"

"கர்த்தருக்குக் குடுக்கிறது இல்லியாக்கா. பூச்சியோட குடுக்க மனசு வருமா?"

ரோச்சுங்கி அதைத் தன் பைக்குள் சரித்தாள். கை நின்றது. மண்ணெண்ணெய் வாடை. மேல் வீட்டுச் சாக்குதான் நாறுகிறதோ என்று அதைத் தள்ளி வைத்துவிட்டு, டப்பாவுக்குள் மூக்கை விட்டாள். அதே வாடை.

"இந்த அரிசி எங்க வாங்கினே?"

"நம்ம சபையிலதான். வண்டைப் பொறுக்கிரலாம், வாடைதான் எத்தனை தடவை கழுவினாலும் போகமாட்டேங்குது" என்று சியாம்லியானி கூச்சத்தோடு சிரித்தாள். "சின்னவ வாயில வச்சதும் கக்கிருவா. பசிச்சா அப்புறம் தின்னுருவா. வெளிய சொல்லிராதீங்க, சபை அரிசியைக் குறை சொல்றேன்னு நெனப்பாங்க."

ரோச்சுங்கி சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே படியேறினாள். இருநூறு படி. தர்மாவி வீட்டில் மாலைச் சாப்பாட்டுக்கு உலை கொதித்துக்கொண்டிருந்தது. சாக்கை அடுப்பின் பக்கத்தில் தொப்பென்று போட்டாள்.

"அக்கா, இன்னைக்கு இதைப் போட்டு வடிங்க."

"சீ! இதையா? இது சபைக்கு உள்ளதுடி. கர்த்தருக்குன்னு எடுத்து வச்சதை நாங்க தின்னா பாவம்."

எவ்வளவு சுத்தமான வாய்! ரோச்சுங்கிக்கு அந்த வண்டுகளே தேவலை என்று தோன்றியது.

"கர்த்தர் தின்னலைக்கா. சியாமியோட சின்னப்பொண்ணு தின்னு கக்குறா. நீங்க செவ்வாக்கெழமை கனியைப் பத்திப் பேசுறப்ப இதையும் ஒரு தட்டுல வச்சுக் காட்டுங்க."

தர்மாவி முகம் சிவந்தது. பேனாவைக் கீழே வைத்தாள். "ஏழு மாசமா வாங்கி நிறுத்து, சலிச்சு, கலந்து அனுப்பினது யாரு? நானா? உனக்கு மூக்கு இல்லியா ரோச்சுங்கி?"

ரோச்சுங்கி சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

கணக்கெழுதும் தங்ஸுவாலி வாசலில் காத்திருந்தாள். "தர்மாவி அக்கா வீட்டுக்கு எவ்வளவு எழுத?"

"ஒண்ணும் இல்லைன்னு எழுது."

"ஐயோ, அப்ப நம்ம கேடயம்?"

"எழுதுடி."

அவளை அனுப்பிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். தர்மாவியின் சாக்கிலிருந்துதான் அரிசி எடுத்தாள். முப்பது வருடப் பழக்கம், முதல் கைப்பிடி சபை டப்பாவின் மேல் போய் நின்றது. விரல் இடுக்கில் ஒரு வண்டு ஊர்ந்தது. அவள் கையைத் திருப்பி, அதையும் தன் பானையிலேயே கொட்டினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் சபைக்குக் கைப்பிடி விழாத முதல் வேளை அது.

வெந்ததும் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் வாயே தொண்டையை விட்டு இறங்கவில்லை. தண்ணீர் குடித்து விழுங்கினாள். சாக்கில் இன்னும் ஏழு கிலோவுக்கு மேல் இருந்தது.