புடைத்துப் போகும் பை

தையல்காரருக்கு அந்தப் பையின் மேல்தான் கண். வரும்போது வயிறு ஒட்டி வரும், போகும்போது புடைத்துக்கொண்டு போகும். துணியோடு காலம் தள்ளியவருக்குத் துணி அடைத்த பையைத் தெரியாதா என்ன? உள்ளே இருப்பது துணிதான். யாருடைய துணி என்பதுதான் கேள்வி.

பையைச் சுமப்பவள் ரொட்டிக்கடையில் வேலை பார்க்கிற பெண். தையல்காரர் போகிற அதே சர்ச் சபையில் கடைசி வரிசையில் உட்காருவாள், பாட்டுக்குக்கூட வாய் திறக்க மாட்டாள். தையல்காரரின் மனைவி பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்தபோது, யாரும் கூப்பிடாமல் வந்து நின்றாள். துடைத்துவிடுவாள், புரட்டிப் படுக்கவைப்பாள், முதுகுப் புண்ணுக்கு மருந்து வைப்பாள். எலும்பு தெரிகிற அளவுக்குப் போயிருந்த புண் இப்போதுதான் ஆறி வந்தது. கூலி கேட்கவில்லை. ஒரு வாய் டீ கூடக் குடிக்கவில்லை. அதுதான் தையல்காரருக்கு உறுத்தியது. ஆதாயம் இல்லாமல் ஒருத்தி பிறத்தியார் மலத்தை அள்ளுவாளா?

சபையில் தியாகம், அன்பு, ஊழியம் என்று உருகி உருகிப் பேசுகிறவர் இவர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிலுவையைப் பற்றி ஆரம்பித்தால் நாலு பேராவது மூக்கைச் சிந்தாமல் எழுந்து போக மாட்டார்கள். அந்த மகானுபாவர்தான் மனைவியின் அலமாரிக் கதவில் தையல் சாக்பீஸால் மெல்லிய கோடு போட்டு வைத்தார், யாராவது திறந்தால் தெரிந்துவிடும் என்று. கோடு அழியவில்லை. நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே? ஊஹூம்.

"பலே கில்லாடி! கோட்டப் பாத்துட்டா" என்று முணுமுணுத்தார்.

மனைவியிடமும் கேட்டுப் பார்த்தார், அறைவாசலில் நின்றபடி. அதைத் தாண்டி உள்ளே போகிற வழக்கம் அவருக்கு இல்லை.

"அவ பையில என்னத்த கொண்டுபோறா?"

மனைவி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அவள ஒண்ணும் கேக்காதீங்க. அவ வரலன்னா நான் புழுத்துத்தான் சாகணும்."

சரிதான், இவளையும் கைக்குள் போட்டுக்கொண்டுவிட்டாள் என்று தையல்காரர் பல்லைக் கடித்தார்.

மறுநாள் காலை, சட்டைக்கு அளவு கொடுக்க ஒருவர் வந்து கையை விரித்து நின்றுகொண்டிருந்தார். பையோடு அவள் வீட்டு முன்பக்கத்துத் தையல்கடை வழியாக வெளியே போனாள். சாட்சிக்கும் ஆள் இருக்கிறது, இதை விட்டால் வேறு சமயம் வாய்க்குமா?

"கொஞ்சம் நில்லும்மா. பையத் திற."

அவள் பையை இடுப்போடு அணைத்துக்கொண்டாள். "வேண்டாம்ணே."

"மடியில கனமில்லேன்னா ஏன் பயப்படணும்?"

பதிலுக்குக் காத்திராமல் பையைப் பிடுங்கிக் கையை உள்ளே விட்டார். ஈரம். நாற்றம் குப்பென்று கடையெல்லாம் ஏறியது. அளவு கொடுக்க வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு படியிறங்கிவிட்டார். தையல்காரர் கையில் மனைவிக்கு அடியில் விரிக்கிற துணி, மலத்தோடு.

"இத ஏன் உன் வீட்டுக்கு..."

"பின்னாடி காயப்போட்டா கடைக்கு வர்றவங்க முகம் சுளிக்கிறாங்கன்னு நீங்க சத்தம் போட்டீங்களாம். உங்ககிட்ட சொல்லாம எடுத்துட்டுப் போகச் சொல்லி அக்காதான் அழுதாங்க. துவச்சுக் காயவச்சு, தட்டையா மடிச்சு அடியில வச்சுக் கொண்டாந்துடுவேன்."

தையல்காரருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதையும் மீறிக் குமட்டிக்கொண்டு வந்தது. கையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்தபடி, "எனக்கு அருவருப்பா இருக்கும்மா. அதனாலதான் உள்ளயே போறதில்ல. உன்ன மாதிரி மனசு எனக்கு இல்ல" என்றார்.

அவள் அவரை வினோதமாகப் பார்த்தாள்.

"எனக்கும் அருவருப்புதாண்ணே. தினமும்."

அவ்வளவுதான் சொன்னாள். வேலைக்கு நேரமாகிறது என்று பைக்குக் கை நீட்டினாள். தையல்காரர் கொடுக்கவில்லை. பையோடு பின்பக்கம் போய்க் குழாயடியில் குந்தினார். முதல் துணியை உதறியதுமே வாந்தி வந்தது. எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு, மறுபடி குந்தினார்.

"யாரது, துவைக்கிறது?" உள்ளேயிருந்து மனைவியின் குரல்.

"நாந்தான்" என்றார்.

உள்ளே அவள் விம்முவது கேட்டது. அவர் அடுத்த துணியை எடுத்துச் சோப்புப் போட்டார்.