உள்பக்கம் இல்லாத பை

உள்பக்கமே இல்லாத ஒரு பையை அவள் ஒரு சனிக்கிழமை மதியம், சாப்பாட்டு இடைவேளைக்குச் சற்று முன்பு தைத்து முடித்தாள். பள்ளிச் சீருடைக்கு வெட்டியதில் மிஞ்சிய நீலத் துணி, வெள்ளை நூல், முக்கால் மணி நேர வேலை. அப்போது அவளுக்கு வயது முப்பத்தெட்டு, எம்.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு. அப்படி ஒரு பொருள் இந்த உலகத்தில் இருக்கவே முடியாது என்று அதற்குப் பத்து நாள் முன்புதான் வகுப்பில் பாடம் நடந்திருந்தது. அவளும் அடிக்கோடு போட்டுக் குறிப்பெடுத்திருந்தாள்.

பி.எஸ்சி.யில் அவள் வகுப்பிலேயே முதல். மேலே படிக்கிறேன் என்றபோது, கல்யாணமா படிப்பா, ரெண்டில் ஒன்றைச் சொல் என்றார் அப்பா. அவள் வாயைத் திறப்பதற்குள் தேதி குறித்தாகிவிட்டது. பிறகு குழந்தையா வேலையா என்று மாமியார் கேட்டார். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அவள் தெருமுனைத் தையல் கடையில் சேர்ந்தாள். பி.எஸ்சி. முடித்துப் பதினேழு வருடம் கழித்து, ஒரு நாள் யாரிடமும் கேட்காமல் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்தாள். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த கணவன் கையிலிருந்த கிரீஸைக்கூடத் துடைக்காமல், "மிஷினா புத்தகமா, ஏதாவது ஒண்ணை விடு, ரெண்டு குதிரையில சவாரி பண்ணாதே" என்றான். அவள் இரண்டையும் விடவில்லை. காலையில் வகுப்பு, மூன்று மணிக்கு மேல் கடை, சனி ஞாயிறு முழுநாளும் கடை. கடையில் அவளை 'எம்.எஸ்சி' என்று கூப்பிட்டார்கள், வகுப்பில் இருபது வயசுப் பிள்ளைகள் 'டெய்லரக்கா' என்றார்கள். எந்த இடத்தில் இருந்தாலும் இன்னொரு இடத்தைச் சொல்லித்தான் கிண்டல். அவள் இரண்டு பெயருக்கும் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

பை உண்டானது ஒரு பிசகால். தையல்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: வெட்டிய துணியில் எந்த ஓரம் எந்த ஓரத்தோடு சேர வேண்டும் என்று சாக்கட்டியால் அம்புக்குறி போட்டுவைப்பார்கள். டோபாலஜி என்ற பரப்புகளின் கணிதத்தைப் படிக்கிறவர்களுக்கும் அச்சு அசல் அதே பழக்கம். ஒரு சதுரம் வரைந்து நாலு ஓரத்திலும் அம்பு போட்டு, இதை அதோடு ஒட்டினால் என்ன பரப்பு கிடைக்கும் என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். அன்று நோட்டு கைக்கு எட்டாததால் அவள் வீட்டுப்பாடத்தை ஒரு சதுரத் துணியிலேயே வரைந்துவிட்டு, சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்க எழுந்து போனாள். திரும்பி வந்தபோது அது சீருடைத் துண்டுகளோடு கலந்து கிடந்தது. கை அதை எடுத்தது, கால் மிதித்தது. முதல் இரண்டு ஓரம் சேர்ந்து குழாய் ஆனது. மிச்ச இரண்டு ஓரத்தில் அம்புகள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இருந்தன. வேறு யாராவது இருந்தால் துணி இடிக்கிறதே என்று நிறுத்தியிருப்பார்கள், இல்லையென்றால் குழாயின் வயிற்றில் ஒரு ஓட்டை போட்டு முனையை நுழைத்திருப்பார்கள். அவளுக்குப் பத்துச் சட்டை பாக்கி இருந்தது. அம்போடு அம்பைச் சேர்த்து மிதித்துக்கொண்டே போனாள். மிஷின் ஒரு இடத்தில்கூட முரண்டு பிடிக்கவில்லை.

நல்ல பக்கத்தை வெளியே திருப்பக் கையை விட்டபோதுதான் திருப்ப வேறு பக்கம் இல்லை என்பது தெரிந்தது. கடை முதலாளியம்மா வந்து பையில் வாய் மாதிரித் தெரிந்த மடிப்பில் ஒரு பொத்தானைப் போட்டுப் பார்த்தார். பொத்தான் உள்ளே போனது. உள்ளே என்று ஒன்று இல்லாததால் மேஜை மேலேயே இருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஜிப் வைக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டார். வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் நிறம் நன்றாக இல்லை என்றார்கள்.

அவள் ப்ராஜெக்டுக்கு எடுத்திருந்ததும் அதே தேற்றம்தான். ஓரமே இல்லாமல், ஒரே ஒரு பக்கம் மட்டும் உள்ள பரப்பு எதையும், அது தன்னைத் தானே துளைக்காதபடி நம் முப்பரிமாண உலகத்தில் செய்ய முடியாது. புத்தகத்தில் மூன்று வரியில் முடித்திருந்த நிரூபணத்தை, 'தெளிவாகத் தெரிகிறது' என்ற சொல்லை ஒரு இடத்திலும் எழுதாமல் அவள் நாற்பத்திரண்டு பக்கத்தில் எழுதினாள். அப்படி ஒரு பரப்பு இருந்தால், ஒரு நூலை அதன் மேலேயே ஓடவிட்டுப் பின்பக்கத்துக்குக் கொண்டுவந்து, ஒரே ஒரு முறை துணியைக் குத்தி முடிச்சுப் போட முடியும். ஆனால் எந்த நூல் வளையத்தையும் வெறும் காற்றில் மெல்லச் சுருக்கி ஒரு புள்ளி ஆக்கிவிடலாம். அப்படிச் சுருக்கும்போது அது துணியைக் குத்தும் தடவைகள் இரண்டிரண்டாகத்தான் கூடும் அல்லது குறையும். ஒன்று ஒருநாளும் பூஜ்யம் ஆகாது. ஆகவே அப்படி ஒரு பரப்பு கிடையாது. நாற்பத்திரண்டாம் பக்கத்தின் கீழே, நிரூபணம் முடிந்தது என்பதற்கு அடையாளமாகச் சின்னக் கட்டம் போட்டு முடித்தாள். அதற்குப் பின்னால் பின்னிணைப்பு என்று எழுதி, பையை ஊக்கால் குத்திவைத்தாள். கண்ணால் கண்டதை மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் முதல் இருபது நிமிடம் பாராட்டினார். அடுத்த இரண்டு மணி நேரம் பையைப் பார்த்தார். தண்ணீர் ஊற்றினார்கள், ஊசி விட்டார்கள், பேனாவால் கோடு இழுத்தார்கள். கோடு துணியை எங்கும் தாண்டாமல் பின்பக்கம் போய்ப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. துறைத்தலைவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ஏம்மா, நிரூபணம் சரின்னா இந்தப் பை இருக்கக் கூடாது. பை இருக்குன்னா நிரூபணம் தப்பு. ஏதாவது ஒண்ணை வாபஸ் வாங்கிடுங்க, இன்னைக்கே கையெழுத்துப் போடறோம்" என்றார்.

ரெண்டில் ஒன்று என்ற அந்தப் பேச்சு காதில் விழுந்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா, மாமியார், கணவன் என்று எல்லோரும் வரிசையாகக் கேட்டது போதாதென்று கணிதமும் அதையே கேட்கிறதா?

"நிரூபணத்துல தப்பு இருந்தா எந்த வரின்னு காட்டுங்க சார். பையில ஓட்டை இருந்தா எந்த இடம்னு காட்டுங்க. ரெண்டும் காட்ட முடியலைன்னா நான் எதை வாபஸ் வாங்கணும்?"

பட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. ஒரு குழு போட்டார்கள். நாற்பத்திரண்டு பக்கத்தையும் ஏழு பேராசிரியர்கள் வரிவரியாகப் படித்து ஒரு எழுத்துப்பிழை கண்டுபிடித்தார்கள். அவள் அதைத் திருத்திக் கொடுத்தாள். பையை இரண்டு மூத்த தையல்காரர்களும் ஒரு அறுவை சிகிச்சை நிபுணரும் பரிசோதித்து, தையல் நன்றாக இருப்பதாக எழுதி, பையை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு வருடமும் பல்கலைக்கழகத்திலிருந்து, இரண்டில் ஒன்றை விலக்கிக்கொள்ளவும் என்று கடிதம் வந்தது. ஒவ்வொரு வருடமும் அவள், முடியாது என்று ஒற்றை வரியில் பதில் போட்டாள். பெண்கள் கல்லூரியில் அவளுக்காகவே ஒரு விரிவுரையாளர் இடம் காத்திருந்தது. இரண்டு வருடம் பார்த்துவிட்டு வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று அவள் மிஷினில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்துவிட்டு ஏழு காலர் தைத்தாள்.

நாலாவது வருடம் துறைத்தலைவரே கடைக்கு வந்தார். பேன்ட் கால் நீளம் குறைக்க வேண்டும் என்று ஆரம்பித்தவர், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒரே ஒரு தையலைப் பிரிச்சு விட்டுடுங்கம்மா. யாருக்கும் தெரியாது. துணி நைஞ்சு போச்சுன்னு எழுதிக்கறேன். மறுபடியும் ஒரு இடம் காலியாகுது" என்றார்.

முடிச்சு எங்கே இருக்கிறது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் பையை எடுத்து மடியில் வைத்து, கத்தரியை அந்த முடிச்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், அந்த இடத்தில் அவள் கை ரொம்ப நேரம் நின்றது. பிறகு கத்தரியை மேஜையில் வைத்தாள்.

"எனக்குத் தெரியும்ல சார். பேன்ட் எத்தனை இஞ்ச் குறைக்கணும்?"

அந்த வருடத்திலிருந்து அவள் பட்டமளிப்பு விழாவுக்குப் போக ஆரம்பித்தாள். கணித வரிசையின் கடைசி ஆள் பட்டம் வாங்கிக்கொண்டு இறங்கியதும், பையைக் கையில் பிடித்துக்கொண்டு மேடைக்கு எதிரே போய் ஒரு நிமிடம் நிற்பாள். நின்றுவிட்டுக் கடைக்குப் போய்விடுவாள். முதல் தடவை காவலாளி அவளை நகரச் சொன்னார். அடுத்த வருடம் அவளோடு கணவனும் வந்து, டிப்போ சட்டையோடு பக்கத்தில் நின்றான். நிமிடம் முடிந்ததும் டிப்போவுக்குக் கிளம்பிப் போனான். அதற்கடுத்த வருடம் தேர்ச்சி பெற்ற பிள்ளைகளில் பாதிப் பேர் பட்டத்தைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு அவளோடு நின்றார்கள். அவர்களில் அவள் மகளும் ஒருத்தி. ஏழாவது வருட நிகழ்ச்சி நிரலில், தேநீருக்கு முன்பாக, 'ஒரு நிமிடம் நிற்றல்' என்று அச்சடித்தே கொடுத்தார்கள்.

அந்த வருடத்தோடு ஓய்வு பெறவிருந்த துறைத்தலைவர் மைக்கைப் பிடித்து, "கடைசியாக் கேக்கறேன். நிரூபணமா, பையா?" என்றார்.

"ரெண்டும்" என்றாள்.

"மேல வாங்க" என்றார்.

இப்போது அவள் பெண்கள் கல்லூரியில் டோபாலஜி எடுக்கிறாள். இரண்டாவது யூனிட்டில் அந்தத் தேற்றம் வரும். கரும்பலகை முழுக்க நிரூபணத்தை எழுதி முடித்து, கட்டம் போட்டு, கையைத் தட்டிவிட்டு, பையை முதல் பெஞ்சில் கொடுத்து அனுப்புவாள். வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது எழுந்து, "அப்ப எது மிஸ் சரி?" என்று கேட்கும். "ரெண்டும் சரி. பரீட்சைக்கு நிரூபணம்தான் வரும், பை வராது" என்பாள். பிள்ளைகள் அதையும் எழுதிக்கொள்கிறார்கள். மூன்று மணிக்கு மணி அடித்ததும் அவள் தையல் கடைக்குக் கிளம்பிவிடுகிறாள். அங்கே சீருடைக் காலம். வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.