ஜனவரி முதலாம் திகதிக்காரர்

“அந்தப் பட்டியலைப் பேரோடு காட்டுங்கள்.”

கேட்டே விட்டாள் அஜந்தா. எதை ஒருக்காலும் கேட்கக் கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லி வைத்தார்களோ, அதை. “நாம் இலக்கங்களைத்தான் பார்ப்போம். பேர் தெரிந்தால் கை நடுங்கும்” என்று அன்றைக்குச் சொன்னவளே இப்போது எதிரில் இருந்தாள். பியோன் ஹேரிம். கொரியாக்காரி, நாற்பத்துமூன்று வயது, தரவு விஞ்ஞானி. பாரிஸின் லா சப்பலில் ரயில் பாதைக்கு மேலே ஐந்தாம் மாடியில் இருந்த அந்தச் சின்ன நிறுவனத்துக்கு அவள்தான் மூளை. மலிவு வாடகை அரச வீடு கேட்டு விண்ணப்பிக்கிற சனத்தில் யார் உண்மை, யார் கள்ளம் என்று அவள் எழுதிய கணினி நிரல் பிரித்துக் கொடுக்கும். சந்தேகம் விழுந்தால் ‘சரிபார்ப்பில் உள்ளது’ என்று ஒரு கடிதம் போகும். அதோடு சரி, அந்த விண்ணப்பத்தை எவரும் தொடுவதில்லை.

அப்படி நாலு கடிதம் அஜந்தாவின் வீட்டுக்கே வந்திருந்தது.

அப்பா மடுத்தீன் இருபத்திரண்டு வருடம் உணவகங்களில் கோப்பை கழுவி, முழங்கால் இரண்டையும் தொலைத்தவர். புறநகரான ஸ்தேனில் நாலாம் மாடி, லிப்ற் இல்லை. போன மாதத்திலிருந்து படியில் குந்தியிருந்து, ஒவ்வொரு படியாக அரைந்துதான் கீழே இறங்குகிறார். மேல்வீட்டுப் பெடியள் வந்தால் சப்பாத்து நாடா கட்டுவதுபோல் குனிந்து கொள்வார். லிப்ற் உள்ள வீடு கேட்டு ஆறு வருடம்.

“ஏன் எண்டு மட்டும் போய்க் கேட்டிடாதை, பிள்ளை,” என்றாள் அம்மா சுகிர்தம். “கேட்டால் பைலை அடியில போட்டிடுவாங்கள். உன்ர வேலையும் போகும்.”

“இப்ப மட்டும் மேலயோ கிடக்கு?”

“வாயைப் பார். படிச்ச திமிர்.”

படித்த திமிர்தான். அந்த வீட்டில் பல்கலைக்கழகப் படி மிதித்த முதல் ஆள் அவள். அந்தத் திமிரோடுதான் ஞாயிறு தமிழ்ப் பூசை முடிய மாதா கோயில் வாசலில் நின்று விசாரித்தாள். இன்னும் பதினொரு குடும்பத்துக்கு இதே கடிதம். அடையாள அட்டைகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தாள். அத்தனை குடும்பத் தலைவர்களும் ஜனவரி முதலாம் திகதி பிறந்தவர்கள். சண்டையில் பிறப்புப் பதிவு எரிந்து, பிறந்த வருடத்தை மட்டும் நினைவில் கொண்டு அகதியாக வந்தவர்களுக்குப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்த பிறந்தநாள் அது. அப்பாவுக்கும் அதுதான். அம்மாவுக்கும் அதுதான். வீட்டில் கூடவே இருக்கும் மரியான் சித்திக்கும் அதுதான்.

அன்றிலிருந்து ஹேரிம் தேநீர் கொண்டுவந்து வைத்தாலும் இவள் ஏன் வைக்கிறாள் என்று தோன்றியது. கதவைச் சாத்திவிட்டுத் தொலைபேசியில் பேசினால் தன்னைப் பற்றித்தான் என்று தோன்றியது. காரணம் இருந்தது. மார்ச் மாதம் இருவரும் கீழே தமிழ்க்கடையில் கொத்து ரொட்டி சாப்பிட்டார்கள். ஹேரிம் உறைப்பில் மூக்கைத் துடைத்துக்கொண்டே, “உங்கள் வீட்டில் பிறந்தநாள் எப்படிக் கொண்டாடுவீர்கள்?” என்று கேட்டாள்.

“எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு ஒரே நாள், ஒரே கேக். நட்டம் கேக் கடைக்காரனுக்குத்தான்,” என்று அஜந்தா எல்லாவற்றையும் சொல்லிச் சிரித்தாள்.

ஹேரிமும் சிரித்தாள். “எங்கள் ஊரில் முழு நாட்டுக்கும் ஜனவரி முதலாம் திகதிதான் ஒரு வயது கூடும். என் அப்பாவின் பதிவும் பொய்தான். பிள்ளை தப்புமா என்று பார்த்து, ஒன்றரை வருடம் கழித்துத்தான் பதிந்தார்களாம்.”

அன்றைக்கு அந்தப் பேச்சு இனித்தது. இப்போது கசந்தது.

“பேர் எதற்கு?” என்றாள் எதிரில் இருந்த ஹேரிம். பிரெஞ்சில்தான் பேசினார்கள். யாரோடும் அவள் ‘நீங்கள்’தான்.

“பேர் வேண்டாமா? சரி. ஜனவரி முதலாம் திகதி பிறந்தவர் கள்ளர் என்ற விதியை எங்கிருந்து எடுத்தீர்கள்? அதைச் சொல்லுங்கள்.”

ஹேரிம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். குன்சான் துறைமுக நகரில் பஸ் ஓட்டிய அப்பாவின் மகள் அவள். புலமைப்பரிசிலில் கணிதம் படித்து, சியோலுக்கு வெளியே ஒரு கணினி விளையாட்டு நிறுவனத்தில் சேர்ந்தாள். கள்ளக் கணக்குத் திறந்து விளையாடுகிறவர்களைப் பிடிப்பது வேலை. பொய்ப்பேரில் பதிகிறவன் பிறந்த திகதி எழுதப் பஞ்சிப்பட்டு, படிவத்தில் தானாக வரும் ஜனவரி ஒன்றிலேயே விட்டுவிடுவான். அதை முதலில் கண்டுபிடித்தவள் அவள். நாற்பதாயிரம் கணக்குகளை ஒரே வாரத்தில் பிடித்தாள். பதவி உயர்வு பக்கத்து மேசை ஆணுக்குப் போனது. அந்த ஆத்திரத்தில் பாரிஸுக்கு வந்து, முனைவர் பட்டம் எடுத்து, இந்த நாற்காலிவரை வந்தாள்.

“அங்கிருந்து கொண்டுவந்தது,” என்றாள். “விளையாட்டில் அது பிழையாய்ப் போனதே இல்லை.”

“இது விளையாட்டில்லையே.”

“எனக்கு அப்போது தெரியாது.”

அஜந்தா மடிக்கணினியைத் திருப்பி வைத்தாள். நிரலில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற குறிப்பு அதில் இருந்தது. “கொத்து ரொட்டி சாப்பிட்டது மார்ச் பதினாலு. பதினைந்தாம் திகதி இந்த விதியை நீக்கியிருக்கிறீர்கள். பதினாறாம் திகதி திரும்பப் போட்டிருக்கிறீர்கள். இரண்டிலும் உங்கள் பேர்தான்.”

கீழே கார் து நோர் நிலையப் பக்கமாக ஒரு ரயில் போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

“நீக்கிப் பார்த்தேன்,” என்றாள் ஹேரிம் கடைசியில். “பிடிபடும் எண்ணிக்கை விழுந்தது. அடுத்த வாரம் முதலீட்டாளர் கூட்டம். எண்ணிக்கை விழுந்தால் என்னை அனுப்பிவிடுவார்கள். இன்னொரு முறை முதலிலிருந்து தொடங்க என்னால் முடியாது.”

“கள்ளரே இல்லாத சனத்தைப் பிடித்த எண்ணிக்கை.”

ஹேரிம் விசைப்பலகையை அருகில் இழுத்தாள். “உங்கள் அப்பாவின் விண்ணப்ப இலக்கத்தைச் சொல்லுங்கள். இப்போதே விடுவிக்கிறேன். யாருக்கும் தெரியாது. உங்கள் வேலையும் இருக்கும்.” குரல் தணிந்தது. “நானும் வீட்டில் முதல் பட்டதாரிதான், அஜந்தா. அதனால்தான் உங்களை வேலைக்கு எடுத்தேன்.”

அப்பாவின் இலக்கம் அஜந்தாவுக்கு மனப்பாடம். சொன்னால் வருடம் முடியமுன் லிப்ற் உள்ள வீடு. அப்பா கைத்தடியோடு நின்றபடி கீழே இறங்குவார். அம்மா மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துவாள். அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் மற்றப் பதினொரு குடும்பமும், “எங்கட அலுவல் என்ன மாதிரி, பிள்ளை?” என்று கேட்கும்.

“அதனால்தான் எடுத்தீர்களோ, இல்லை வாய் திறக்கமாட்டாள் என்று எடுத்தீர்களோ, எனக்குத் தெரியாது,” என்றாள். “தெரிந்தே செய்தீர்களா என்று உங்கள் வாயால் கேட்கத்தான் வந்தேன்.”

கழுத்திலிருந்த நுழைவு அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். கோட்டுப் பைக்குள் பதிவுத் தபால் சிட்டை கையில் தட்டுப்பட்டது. காலையிலேயே முறைப்பாட்டுக் கடிதத்தை அனுப்பிவிட்டாள், ஒன்று வீடு ஒதுக்கும் அலுவலகத்துக்கு, ஒன்று தரவுக் கண்காணிப்பு அலுவலகத்துக்கு. பன்னிரண்டு குடும்பத்துக் கையெழுத்து. அம்மா கத்தக் கத்த அப்பா பேனையை வாங்கி, “நான் தானே படியில அரையிறன், நீயோ?” என்று கேட்டுவிட்டு முதல் ஆளாக வைத்த கையெழுத்து.

கதவைத் திறந்தாள்.

“அஜந்தா, அந்த இலக்கம்?”

“கண்காணிப்பு அலுவலகத்துக்கு நான் அனுப்பிய கடிதத்தில் முதலாவதாக இருக்கிறது. திங்கட்கிழமை உங்களிடமும் விளக்கம் கேட்பார்கள்.”

திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தாள்.